ஒட்டகச்சிவிங்கி தண்ணி குடிச்ச இடம்

காசிமேட்டுக்கு மீன்பிடி லாஞ்சு திரும்பி வரும்போது முதலில் கண்ணில் படுவது ஹார்பர் கிரேன்தான். கோயில் கோபுரம், கம்பெனிப் புகைக்கூண்டு எல்லாம் அதற்குப் பிறகுதான் தெரியும். இது எங்கள் வீட்டுக்காரர் சொல்லி எனக்குத் தெரியும். அவர் நாற்பது வருஷம் லாஞ்சு ஓட்டியவர். பெண்கள் நாங்கள் கடலுக்குப் போகிறதில்லை. கரைக்கு வந்த மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் போட்டு, திருவொற்றியூர் வரைக்கும் நடந்து விற்பது என் வேலை. ஆனால் வருஷத்தில் ஒரு நாள் எங்களையும் லாஞ்சில் ஏற்றுவார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம், புதுப் பெயின்ட் அடித்து, பூசை போட்டு, வெள்ளோட்டம் விடுகிற அன்றைக்குக் குடும்பத்தோடு ஒரு சுற்று போய் வருவோம்.

அப்படிப் போன ஒரு நாள், என் மகனுக்கு ஐந்து வயது. திரும்பி வரும்போது கிரேன்கள் வரிசையாகத் தலையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தன. ஒன்று மட்டும் நீட்டுக் கையை இறக்கிக் கப்பல் மேல் வைத்திருந்தது. இவன் அதைக் காட்டி, "நைனா, அந்த ஒட்டகச்சிவிங்கி மட்டும் தண்ணி குடிக்குது" என்றான். லாஞ்சில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. சுக்கானைப் பிடித்த கையை எடுக்காமலே, நிஜ ஒட்டகச்சிவிங்கி தண்ணி குடிக்கிறதை உனக்குக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வண்டலூர் மிருகக்காட்சிசாலை ஒன்றும் சீமையில் இல்லை. இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். ஆனால் எங்களுக்கு ஓய்வு கிடைக்கிறது தடைக்காலத்தில்தான். இன்ஜினைக் கழற்றுவது, கிழிந்த வலையைச் சரி பண்ணுவது, உளுத்த பலகையை மாற்றுவது எல்லாமும் அந்த இரண்டு மாதத்துக்குள்தான். இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று போய்ப் பிள்ளைக்கு மீசை முளைத்துவிட்டது. அவன் கேட்பதை விட்டுவிட்டான். இவர் விடவில்லை. கிரேன் கை இறங்கி இருப்பதைப் பார்த்தால் போதும், "சொன்ன சொல்லு அப்டியே கீதுமே" என்பார் என்னிடம்.

அந்த மகன் விமானம் ரிப்பேர் பார்க்கிற படிப்புப் படித்து, இப்போது கென்யாவில் நைரோபியில் வேலை செய்கிறான். பெரிய விமானம் இல்லை. பன்னிரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். காடு காடாகப் போய் டூரிஸ்ட்டுகளை இறக்கி ஏற்றுகிறது. நம் தடைக்கால மாதங்களில் அங்கே மழைக்காலம், ஆள் வரத்து கம்மி. விமானத்தில் சீட்டும் காலி, காட்டுக்குள் இருக்கிற கூடாரங்களும் காலி. அந்த நாட்களில் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுடைய அப்பா அம்மாவை ஒரு வாரம் சுற்றிப் பார்க்க விடுவார்களாம். போனில் முகம் காட்டிப் பேசும்போது மகன் இதைச் சொன்னான். இவர் உடனே சரி என்றார். யோசிக்கவே இல்லை. நான்தான் தயங்கினேன்.

ஏனென்றால் இவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

மகனிடம் நாங்கள் முட்டி வலி என்று சொல்லியிருந்தோம். முட்டி வலியால் லாஞ்சு ஓட்டுவதை நிறுத்திவிட்டார் என்று. நிஜம் என்னவென்றால், ஒரு நாள் ஹார்பருக்குள் நுழையும்போது பக்கத்தில் வந்த லாஞ்சு இவருக்குத் தெரியவில்லை. நூலிழையில் தப்பித்தது. ஆஸ்பத்திரியில் கண் டாக்டரம்மா என்னையும் உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரத்துப் பார்வை எல்லாம் போய்விட்டது. நடுவில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது, பைப்புக்குள்ளே பார்க்கிற மாதிரி. போனது திரும்பாது. இருப்பதும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது. சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டார். "புள்ளைக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவான். எனக்குக் கைத்தடியா நிக்கறதுக்கா அவன் படிச்சான்?"

நான் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டினது தப்பா சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நைரோபியில் மகன் எங்களைப் பார்த்ததும் சிரித்தான். இவர் என் தோள் மேல் கை போட்டுக்கொண்டு வந்ததுதான் காரணம். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷத்தில் தெருவில் என் கையைக்கூடப் பிடிக்காத மனுஷன். "இன்னாம்மா, ஏரோப்ளேன்ல ஏறினதும் லவ்வு வந்துடுச்சா?" என்று கேட்டான். "உங்க நைனாவுக்குக் குளிருதாம்" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் குட்டி விமானம் ஏறுகிற இடத்தில் மூட்டையை எடை போட்டார்கள். ஆளுக்குப் பதினைந்து கிலோதான், அதுவும் துணிப் பையாக இருக்க வேண்டும். என் நெத்திலிக் கருவாட்டைக் காட்டு மிருகத்துக்கு வாசம் அடிக்கும் என்று மகன் முதல் நாளே பிடுங்கி வைத்துக்கொண்டான். அதோடு விட்டார்களா, எங்களையும் எடை போட்டார்கள். எத்தனை வஞ்சிரத்தைத் தூக்கிப் பார்த்தே கிலோ சொன்னவள் நான், என்னைத் தராசில் நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும். ஏறுவதற்கு முன்னால் என் எடை இவ்வளவு, இவர் எடை இவ்வளவு என்று மகனிடம் சொல்லிவிட்டு ஏறினேன். இவர் எடை நான் சொன்னபடியே இருந்தது. என்னுடையதில் இரண்டு கிலோ கூட. தராசில் ஏதோ கோளாறு.

மகனுக்கு வேலை இருந்ததால் அவன் எங்களோடு ஏறவில்லை. கடைசி நாள் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றான். விமானம் ஓட்டியது சின்னப் பெண். இவர் லாஞ்சு டிரைவர் என்று மகன் சொல்லியிருப்பான் போல, தன் பக்கத்து சீட்டிலேயே உட்கார வைத்துக்கொண்டாள். கீழே காடு, ஆறு, மந்தை என்று எல்லாரும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். இவர் மட்டும் நேர் எதிரே இருந்த திசை காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அது அவர் பைப்புக்குள் சரியாக அடங்கியது. "வடக்க போறோம்" என்று சந்தோஷமாகத் திரும்பி என்னிடம் சொன்னார். அந்த விமானம் எங்கள் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரிதான். ஒரு மண் தரையில் இறங்கும், இரண்டு பேர் இறங்குவார்கள், மூன்று பேர் ஏறுவார்கள், மறுபடியும் பறக்கும். நாங்கள் இறங்க வேண்டிய இடத்தில் வரிக்குதிரைகள் நின்றன. ஒரு ஜீப் வந்து அதையெல்லாம் விரட்டிய பிறகுதான் இறங்கினோம்.

முதல் இடம் உச்சியில் பனி படிந்த ஒரு மலைக்குப் பக்கம். அங்கே யானைக் கூட்டத்துக்குள்ளேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். யானையின் வயிறு உருளுகிற சத்தம்கூடக் கேட்டது. நான் இவர் காதில், "கடல் பக்கம் ஒண்ணு நிக்குது, பாருய்யா" என்றேன். அவர் நேர் எதிரே இருந்த புதரைப் பார்த்து, "ஆமா ஆமா, நல்லா கீது" என்றார். யானை வலது கைப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். வலது இடது என்று யாரும் சொல்ல மாட்டோம். கடல் பக்கம், கரைப் பக்கம், ஹார்பர் பக்கம், எண்ணூர் பக்கம், இந்த நாலுதான். வீட்டுக்குள் உப்பு டப்பா இருக்கிற இடத்தைக் கேட்டால்கூட அடுப்புக்குக் கடல் பக்கம் என்றுதான் சொல்வோம். கூடை தூக்கித் திருவொற்றியூருக்கு நடக்கிறவளுக்குக் கடல் எப்போதும் வலது கைப் பக்கம். லாஞ்சு ஓட்டுகிறவருக்குக் கடல் எப்போதும் நேர் எதிரே. கடலே இல்லாத அந்தப் புல்வெளியில் ஆளுக்கு ஓர் இடத்தில் கடலை வைத்துக்கொண்டோம். வலது என்று சொல்ல எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். வண்டி நிமிஷத்துக்கு ஒரு பக்கம் திரும்பும், அவர் ஒரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார், நான் ஒரு பக்கம். என் வலது அவர் வலது இல்லை.

வண்டி ஓட்டி இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பெரியவருக்குப் பிடித்திருக்கிறது என்று இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

சாயங்காலம் கூடாரத்தில் கண்ணுக்கு மருந்து விடும்போது மெதுவாகக் கேட்டார். "யானையாமே அது? நம்ம ஹார்பர் செவுரு மாரி இருந்திச்சி."

"செவுரு மூச்சு வுடுமா?"

"அத வெச்சித்தான் யானைன்னு கண்டுகினேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர், நாளைக்கும் ஆமா ஆமா என்றே சொல்கிறேன், பிள்ளை ஆசையாக அனுப்பியிருக்கிறான் என்றார். ஒரு ஒட்டகச்சிவிங்கியை மட்டும் பார்த்துவிட்டால் போதும் என்றார். தண்ணி குடிக்கிறதை. அது ஒன்று போதும், அதற்குப் பிறகு இந்தப் பைப்பு மூடிக்கொண்டாலும் கவலை இல்லை என்றார். நான் மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னேன்.

இரண்டாவது இடத்துக்கு மறுபடியும் அதே மாதிரி விமானம். அது மலை இல்லாத, கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் புல் இருக்கிற தேசம். அங்கே எங்களுக்கு வண்டி ஓட்டி வழிகாட்ட வந்தவர் மசாய்க்காரர், அந்தப் பக்கத்தில் மாடு மேய்க்கிற இனத்தார். நெடுநெடுவென்று இருப்பார், நம் ஊர் லுங்கி மாதிரி கட்டம் போட்ட சிவப்புத் துணியைப் போர்த்தியிருப்பார். வண்டியில் ஏறினதும் நான் முதலில் கேட்கச் சொன்ன கேள்வி, கடல் எந்தப் பக்கம் என்பதுதான். இவர் ஹார்பரில் பழகின இங்கிலீஷில் கேட்டார்.

அந்த மனுஷன் வண்டியை நிறுத்திவிட்டார். சிங்கம் எங்கே, சிறுத்தை எங்கே, பாத்ரூம் எங்கே என்று கேட்பார்களாம். கடல் எங்கே என்று இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லையாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சூரியன் உதிக்கிற பக்கம் கையை நீட்டினார். அங்கே போய்ச் சேர ஒரு நாள் முழுக்க ஆகும், நான் பார்த்ததில்லை என்றார்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்மூர் மாரியே சூரியன் பொறக்கற பக்கம்மே. அது நம்ம கடலுதான். இப்டியே நேரா போனா காசிமேடு."

அதற்குப் பிறகு எனக்குக் கவலை விட்டது. நாங்கள் கடலைக் கும்பிடுகிறவர்கள், அதற்காகத்தான் திசை கேட்கிறோம் என்று மசாய்க்காரர் நினைத்துக்கொண்டார் போல. வண்டி திரும்பும்போதெல்லாம் அவரே ஒரு கையை நீட்டிக் கடல் அந்தப் பக்கம் என்று காட்டுவார். அவர் நினைத்தது தப்பு என்றும் சொல்ல முடியாது. இவர் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

ஒரு மரத்தடியில் சிங்கம் படுத்திருந்தது. "கடல் பக்கம். இன்னும் ரெண்டு வெரல். கீழ" என்று சொன்னேன். இவர் தலையைத் தராசு முள் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். "காது ஆடுது" என்றார். அப்புறம் மூக்கு. அப்புறம் முன்னங்கால். "மீன வெட்டி வித்தவதானே நீ, இதையும் துண்டு போட்டுக் குடு" என்றார். இப்படி ஒரு முழுச் சிங்கத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பார்த்தார். அந்தச் சிங்கமும் பாவம், நகராமல் படுத்திருந்தது.

அந்தக் காடு சர்க்காருடையது இல்லை. மாடு மேய்க்கிற குடும்பங்கள் தங்கள் நிலத்தை ஒன்று சேர்த்து மிருகங்களுக்கு விட்டிருக்கிறார்கள். விடுதிக்காரர்கள் அவர்களுக்கு வாடகை கொடுக்கிறார்கள். இந்தப் பக்கம் இந்த மாதம் மாடு போகக் கூடாது, புல் வளரட்டும் என்று ஊர் கூடிக் கட்டுப்பாடு போடுவார்களாம். இவர் உடனே, மீறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பெரியவர்கள் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிப்பார்கள் என்றார் மசாய்க்காரர். "எங்க குப்பத்துலயும் அதேதான்" என்று இவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு வழியெல்லாம் இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டு வந்தார்கள். கடலில் கடைசி வரைக்கும் தண்ணீர் உப்பாகவே இருக்குமா என்று அவர் கேட்டார். ஆமாம், எவ்வளவு தூரம் போனாலும் உப்புதான் என்றார் இவர்.

ஒட்டகச்சிவிங்கிதான் சரியாக அமையவில்லை. இல்லாமல் இல்லை, நிறைய இருந்தன. ஆனால் பெரியவர் கேட்கிறார் என்று வண்டி கிட்டே போகும். இவருக்கு ஒரு கால் தெரியும். நான் மேலே மேலே என்று சொல்லி, அவர் வயிற்றைத் தாண்டிக் கழுத்துக்கு ஏறுவதற்குள் அது நகர்ந்துவிடும். போனால் போகிறது, தண்ணி குடிக்கிறதையாவது பார்க்கலாம் என்றால், மழைக்காலத்தில் அது குடிக்கிறது அபூர்வமாம். ஈர இலையைத் தின்றே தாகம் தீர்ந்துவிடுமாம். மூன்று நாள் அப்படியே போய்விட்டது. இவர் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கி வைத்தார், அதை வைத்து அவர் ஏக்கத்தை நான் தெரிந்துகொண்டேன்.

கடைசி நாள் காலை விமானத்தில் மகன் வந்து இறங்கினான். இவர் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு விறைப்பாக நின்றார். என்னென்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு யானை, சிங்கம், எருமை என்று வரிசையாக ஒப்பித்தார்.

"ஒட்டகச்சிவிங்கி தண்ணி குடிக்கறது பாத்தியா நைனா?"

அவனும் மறக்கவில்லை. இந்த ஏற்பாடு எல்லாமே அதற்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மசாய்க்காரரிடம் முன்னாலேயே போனில் சொல்லி வைத்திருக்கிறான். பாறையும் மேடும் சேர்ந்த ஓர் இடத்தில் தண்ணீர் குட்டை ஒன்று இருக்கிறது, மதியத்தில் சில சமயம் வரும், உறுதி இல்லை என்று அவர் சொன்னாராம். அங்கே போய்க் காத்திருந்தோம். மூன்று மணி நேரம் இருக்கும். மழை ஒரு தூறல் போட்டு நின்றது.

அப்புறம் ஒன்று வந்தது. தனியாக, நின்று நின்று, சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு வந்தது. குட்டைக் கரைக்கு வந்ததும் முன்னங்கால் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டியது. மசாய்க்காரர் சத்தமில்லாமல் வண்டியை மேட்டில் ஏற்றி, இன்னும் கிட்டே, முப்பது அடி தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். அவ்வளவு கிட்டே.

"நைனா, பாரு" என்றான் மகன்.

"ஆமாண்டா. நல்லா கீது."

எனக்கு அந்தக் குரல் தெரியும். செவுரு பார்த்த குரல். நான் அவர் கன்னத்தைப் பார்த்தேன். அவர் முகம் அந்த மிருகத்தின் ஒரு முட்டிக்கு நேராக நின்றது. எத்தனை துண்டாகத்தான் போட்டுக் கொடுப்பேன் நான்? அது தலையை இறக்கும், பயந்து ஏற்றும், மறுபடி இறக்கும். இன்னும் இரண்டு வாய் குடித்துவிட்டால் போய்விடும்.

அந்த நேரத்தில் எனக்கு ஹார்பர் ஞாபகம் வந்தது. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் கிரேன் ஒரு இரும்புக் கால்தான். லாஞ்சில் இருந்து பார்த்தபோதுதானே அது முழுசாகத் தெரிந்தது, பிள்ளை அதை ஒட்டகச்சிவிங்கி என்று சொன்னது. மூன்று நாளாக எல்லாரும் அவருக்கு நல்லது செய்கிறோம் என்று கிட்டே கிட்டே கொண்டுபோனோம். நானும்தான், கூட உட்கார்ந்து.

மசாய்க்காரர் தோளைத் தட்டி, "ரிவர்ஸ், ரிவர்ஸ்" என்று பின்னால் கையைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. மகன் என் கையைப் பிடித்து, சும்மா இரும்மா, இவ்வளவு கிட்டே யாருக்கும் கிடைக்காது என்றான்.

இரண்டு வருஷமாகக் காப்பாற்றினதை அப்போது உடைத்தேன்.

"உங்க நைனாவுக்குக் கிட்ட இருக்கறது தெரியாதுடா. ஓரம் பூரா போயிடுச்சி. நடுவுல ஒரு பொட்டுதான் கீது. தள்ளிப் போனாத்தான் அந்தப் பொட்டுக்குள்ள முழுசா வரும். வண்டிய பின்னாடி எடுக்கச் சொல்லு."

இவர் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. வலித்தது. நான் விடுவித்துக்கொள்ளவில்லை. மகன் என்னைப் பார்த்தான், அவன் நைனாவைப் பார்த்தான். அந்த ஊர் பாஷையில் மசாய்க்காரரிடம் ஏதோ சொன்னான். அவர் இன்ஜினைப் போடாமல் பிரேக்கை மட்டும் விட்டார். மேட்டில் நின்ற வண்டி தானாகவே பின்னால் உருண்டது. சத்தமில்லாமல், லாஞ்சு இன்ஜினை அணைத்துவிட்டு அலையோடு நகர்கிற மாதிரி உருண்டது. அந்த மிருகம் சிறுத்துக்கொண்டே போனது. கடலில் இருந்து பார்த்த கிரேன் அளவுக்கு வந்ததும் போதும் என்றேன்.

பெற்ற பிள்ளைக்கு முன்னாலும் வேற்று மனுஷருக்கு முன்னாலும் நான் அவர் தாடையைக் கையால் பிடித்தேன். "கடல் பக்கம். இன்னும் கொஞ்சம். கீழ. அவ்ளோதான்."

அவர் தாடை என் கைக்குள் அசையாமல் நின்றது.

"முழுசா கீதுமே" என்றார்.

அப்புறம் மகனுக்குச் சொல்ல ஆரம்பித்தார். கால் ரெண்டையும் அகட்டிக்கினு நிக்குதுடா, கழுத்து இறங்குதுடா, கிரேன் கை மாதிரியே இறங்குது, குடிக்குது, வாயில இருந்து தண்ணி சொட்டுது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தத் தூரத்தில் தண்ணி சொட்டினது எனக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. மகன் குட்டைப் பக்கமே திரும்பவில்லை. அவன் நைனாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவருக்கு அது எப்படித்தான் தெரிந்ததோ.

"என்னை இன்னாடா பாக்கற? அங்க பாரு. கடல் பக்கம். காட்டறேன்னு சொன்னேன் இல்ல?"

மகன் திரும்பிப் பார்த்தான். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு பார்த்தான். அது இன்னும் இரண்டு முறை குடித்துவிட்டுக் காலைச் சேர்த்து நிமிர்ந்து, வந்த மாதிரியே நின்று நின்று போனது. மசாய்க்காரர் கடல் பக்கம் ஒரு முறை கையை நீட்டிக் காட்டினார். அதற்குத் தேவை இல்லை, ஆனாலும் காட்டினார்.

இவர் என்னோடு பேசாமல் இருந்தது அன்றைக்கு டீ வருகிற வரைக்கும்தான். டீயில் சர்க்கரை போதவில்லை என்று என்னிடம்தானே சொல்லியாக வேண்டும். மகன்தான் ஆடிப்போய்விட்டான். வேலையை விட்டுவிட்டு உங்களோடு வந்துவிடுகிறேன் என்று ஆரம்பித்தான். இவர் ஒரே பேச்சில் நிறுத்திவிட்டார். இவ்வளவு நாள் உன் அம்மா எனக்குக் கண்ணாக இருக்கிறாள், அவளை வேலையை விட்டுத் தூக்கப் பார்க்கிறாயா என்று கேட்டார். என் பிள்ளை அதற்குச் சிரித்தான், அழுதான். கடைசியில் வருஷா வருஷம் அவன் மழைக்கால லீவுக்கு இங்கே வருவது என்றும், ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கூட்டிப் போவான் என்றும் முடிவானது. இந்த வருஷம் வந்தான். டாக்டரம்மா அவனிடமும் அதே பைப்புக் கதையைச் சொன்னார்கள். பைப்பு இன்னும் கொஞ்சம் குறுகியிருக்கிறது.

இவர் இப்போது எதைப் பார்க்க வேண்டுமானாலும் பின்னால் நகர்ந்து போகிறார். டீவியைக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கிறார். கிரேனைப் பார்க்க மீன்பிடித் துறைமுகத்தின் கல் சுவர் கடைசி வரைக்கும் நான் கூட்டிப் போக வேண்டும். ஆளைப் பார்ப்பதுதான் கஷ்டம். எங்கள் வீடு ஒரே அறை. அதற்குள் எங்கே நின்றாலும் நான் அவருக்கு ஒரு மூக்கோ, மூக்குத்தியோதான்.

"தள்ளி நில்லுமே, முழுசா வரல" என்பார்.

நாற்பத்து நாலு வருஷம் கிட்டே இருந்து பார்த்தது போதாதா என்று கேட்டுக்கொண்டே நான் வாசலுக்குப் போவேன். இன்னும் தள்ளு என்பார். தெருவைத் தாண்டி எதிர்ப் பக்கம், பொதுக் குழாய்க்குப் பக்கத்தில் போய் நிற்பேன். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள், "இன்னாக்கா, மாமா போட்டோ புடிக்கறாரா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். ஆமாண்டி, உங்க வூட்டுக்காரன் உங்களைப் புடிக்கறானா என்று திருப்பிக் கேட்பேன்.

நேற்று என் முறைக்குக் குழாயில் குடத்தை வைத்துக் குனிந்திருந்தேன். வாசலில் இருந்து இவர் குரல் வந்தது. "அப்டியே இரு. அசையாத. முழுசா கீது."

குடம் நிரம்பிக் கால் மேல் வழிந்தது. பின்னால் வரிசையில் நின்றவள் சத்தம் போட்டாள். இடுப்பும் வலித்தது. நான் குனிந்தபடியே இருந்தேன், அவர் பார்த்து முடிக்கட்டும் என்று.